பந்து மேலே இருக்கும்போது

அக்காவின் கையிலிருந்து பந்து கிளம்பும்போது சத்தம் வராது. மற்றவர்கள் தொட்டால் அந்தத் தோல் பந்து ‘தொப்’பென்று ஒரு சொல்லாவது சொல்லும். அவளிடம் மட்டும் வாயை மூடிக்கொண்டு போகும். மழை இறங்குவதற்கு முந்திய நொடியில் கொடியிலிருந்து துணியை உருவுவதுபோல் பத்து விரல் நுனியும் சேர்ந்து அதை வானத்திலிருந்து எடுக்கும். எடுத்தது தெரிவதற்குள் வானத்திலேயே திரும்ப வைத்துவிடும். வலைக்கு மேலே, ஒரு முழம் தள்ளி, நான் எம்பிக் கை வீசும் இடத்தில் அது நின்றுகொண்டிருக்கும். ஆமாம், நிற்கும். மேலே போன பொருள் அங்கே நிற்காது என்று கணிதம் படித்த அவளே எனக்குச் சொல்லியிருக்கிறாள். ஆனாலும் நின்றது. அடித்தவள் நான்தானே, எனக்குத் தெரியாதா.

அறுபதுகளின் நடுப்பகுதி. விருதுநகரில் எங்கள் பெண்கள் கல்லூரியின் கட்டடத்தில் அப்போதும் சுண்ணாம்பு வாசனை போகவில்லை. கரிசல் மண்ணின் மேல் சரளைக்கல் கொட்டி, இரண்டு இரும்புக் குழாய் நட்டு, நடுவில் வலை கட்டியிருந்தார்கள். அதுதான் மைதானம். அக்கா கணிதத்தில் இரண்டாம் ஆண்டு. நான் ஒரு வருடம் இளையவள். கேப்டன் என்பதால் அவளுடைய வகுப்புக்காரிகள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

வாலிபாலில் ஊர் பார்ப்பது அடிப்பவளை. அடிப்பதற்கு வாகாகப் பந்தை உயர்த்திக் கொடுப்பவளை, லிஃப்டரை, யாரும் பார்ப்பதில்லை. கைதட்டல் முழுக்க எனக்கு வரும். அவள் அதற்குள் அடுத்த பந்துக்கு முழங்காலை மடக்கித் தயாராக நிற்பாள்.

அவளுடைய ஊர் ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கம். அப்பா மழையை நம்பிய காட்டில் கூலி. அம்மா வெம்பக்கோட்டை ரோட்டில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னினாள். அக்காவும் சின்ன வயதில் பள்ளி விடுமுறைகளில் தீப்பெட்டிக்குக் கட்டை அடுக்கியவள்தான். குச்சி குச்சியாகச் சட்டத்தில் சொருகும் வேலை. அதனால்தான் அந்த விரல்கள் என்று கல்லூரி அலுவலகத்தில் ஒரு கிளார்க் எல்லோரிடமும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். அவளிடமே ஒருநாள் சொன்னார்.

“அப்படிப் பாத்தா எங்க ஊர்ல பொறந்த அம்புட்டுப் பேரும் லிஃப்டர்தான் சார்,” என்றாள் அக்கா. “ஒரு டீமா, ஒரு ரயிலு நெறைய அனுப்பலாம்.”

அந்த விரல்கள் வந்த வழி வேறு. ஹாஸ்டலுக்குப் பின்னால் ஒரு வேப்பமரம். அதன் கிளையில் டயர் கழன்ற ஒரு சைக்கிள் ரிம்மைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தாள். சாயங்காலம் நாங்கள் தலைபின்னி, டிபனுக்கு வரிசையில் நிற்கும் நேரமெல்லாம் அவள் அங்கே நின்று ரிம்மின் வட்டத்துக்குள் பந்தை ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பாள். பந்து ரிம்மில் பட்டால் ‘ணங்’கென்று கேட்கும். சேர்ந்த புதிதில் எங்களுக்குச் சாப்பாட்டு மணிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. வருடம் பாதி போனபின் அந்த ‘ணங்’ கேட்பது நின்றுபோனது. அடுத்து வந்த ஆடி மாதக் காற்றில்கூடக் கேட்கவில்லை. காற்று எப்பக்கம் என்று பார்க்க ஹாஸ்டல் சமையல்கட்டுப் புகைபோக்கியை ஒரு தரம் நிமிர்ந்து பார்ப்பாள். புகை சாய்கிற பக்கத்துக்கு எதிராக ஒரு விரல்கடை தள்ளி ஏற்றுவாள், அவ்வளவுதான்.

படிப்பும் இதே கணக்குதான். காகிதம் வீணாகிறது என்று துணி துவைக்கிற கல்லில் கரித்துண்டால் கணக்குப் போடுவாள். இண்டக்ரல் குறி பாம்பு மாதிரிப் படுத்திருக்கும். ஒரு காலையில் துணி வெளுக்க வந்த அம்மாள் வெள்ளைச் சேலையை அதன்மேல் அடித்துத் துவைத்துவிட்டாள். யாரோ லெக்சரருடைய சேலை. முதுகுப் பக்கம் முழுக்கக் கரி.

“ஏத்தா, கல்லுல என்னத்தடி கோலம் போட்டு வச்சிருக்க?”

“கோலமில்ல, பரீட்சைக்குள்ளது.”

“நீ பாஸாகு. நான் வேலைய விட்டு நிக்கேன்.”

அந்தச் சேலையை அக்காதான் புளி போட்டு வெளுத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது, எந்த வரியில் தப்புப் போட்டோம் என்று சேலையைப் பார்த்துக் கண்டுபிடித்ததாகச் சொன்னாள். அது பொய்யாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வருடம் கணிதத்தில் அவளுக்கு மேலே யாருமில்லை என்பது நிஜம்.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை. பல்கலைக்கழக அணியில் லிஃப்டராக ஆட வேண்டும். மதுரைக்கு வடக்கே அவள் போனதில்லை. சாயங்காலம் ஜங்ஷனிலிருந்து கிளம்பும் ரயிலின் கூவல் மைதானம்வரை வரும். பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கேட்பாள். “அதுல ஏறணும் புள்ள. வேடிக்கை பாக்க இல்ல. டீம் கோட்டுப் போட்டு ஏறணும்.”

இந்த இடத்தில் எங்கள் சீமையின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். பகலில் எங்காவது பெரிய சத்தம் கேட்டால் நாங்கள் நிற்போம். பேச்சு நிற்கும், நடை நிற்கும், தராசு தொங்கியபடி நிற்கும். முதலில் தலை திரும்பும். கண் வானத்தில் புகையைத் தேடும். புகை எந்தப் பக்கம் என்று தெரிந்தபின்தான் அது யார் வீட்டுக் கவலை என்று தெரியும். என் அம்மா மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். சத்தம் கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு வெள்ளைச் செருப்பை மாட்டிக்கொள்வாள். தோட்டத்தில் வாழை இலை வெட்டச் சொல்லி ஆள் அனுப்புவாள், தீப்பட்டவர்களைக் கிடத்த. யாரும் சொல்லிக்கொடுத்த பழக்கமல்ல. நடக்கப் பழகும்போதே கூட வந்தது.

பாளையங்கோட்டையில் ஒரு போட்டி. அந்தக் கல்லூரி அணி பெரிய அணி. முட்டிவரை வெள்ளைக் கால்சட்டை. நாங்கள் தையல்காரர் குழம்பிக் குழம்பித் தைத்த வெள்ளைப் பைஜாமாவும், அதற்கு மேலே மாவுமூட்டைபோல ஒரு சட்டையும். ஆட்டம் நன்றாகவே போனது. கடைசி நேரத்தில் பக்கத்துத் தெருவில் கல்யாண ஊர்வலமோ என்னவோ, ஒரு வேட்டுப் போட்டார்கள். ‘டொம்.’

ஆறு பேரும் திரும்பினோம். ஆறு தலையும் ஒரே பக்கம், வானத்தில். எதிரணியின் பந்து எங்கள் நடுவில் விழுந்து, இரண்டு தரம் துள்ளி, உருண்டு போனது. மைதானம் முழுக்கச் சிரிப்பு. அந்த அணியின் கேப்டன், உயரமான பெண், வலைக்கு மேலே கேட்டாள்.

“ஏட்டி, வெடி செய்யுத ஊரு, வெடிக்குப் பயந்தா எப்பிடி?”

அவளுக்குப் பின்னாலிருந்து ஒருத்தி, “வானத்துல யாரத் தேடுதாளுவ? மாப்பிள்ளையவா?” என்றாள்.

தோற்றோம். திரும்பும் பஸ்ஸில் ஏறினோம். சாத்தூர் தாண்டியதும் அக்கா சொன்னாள். “பயந்து திரும்பல நாம. அதை அவகளுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. ஆனா ஆட்டத்துல திரும்பக் கூடாது.”

மறுவாரம் தொடங்கியது அந்தப் பயிற்சி. வெடி போட்டுக்கொண்டே ஆடுவது. அக்கா தன் அம்மாவிடம் சொல்லி, கம்பெனியில் விற்பனைக்கு ஆகாத ஒற்றை வெடிகளை வாங்கிவரச் சொன்னாள். அம்மா தூக்குவாளியில் கொண்டுவந்தாள், முகத்தைச் சுளித்துக்கொண்டு.

“எதுக்குடி இது? தீவாளிக்கே நான் ஒண்ணக் கொளுத்துனதில்ல. வெடிக்கவா செய்யிறோம், விக்கத்தான செய்யிறோம்?”

“பாடத்துக்கும்மா.”

“கணக்குப் பாடத்துக்கா?”

“ஆமா. கணக்குத்தான்.”

வாட்ச்மேனின் மனைவி, ஊதுபத்தியும் கையுமாகச் சுவருக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்துகொள்வாள். எப்போது போடுவாள் என்று எங்களுக்குத் தெரியாது. அவளுக்கு அதில் அப்படி ஒரு குஷி. பந்து சரியாக மேலே போகும் சமயம் பார்த்து ஒன்று. நாங்கள் ஓய்ந்து தண்ணீர் குடிக்கப் போனால் ஒன்று. முதல் நாட்களில் ஆறு பேரும் திரும்பினோம். பிறகு நான்கு பேர். பிறகு நானும் சின்னவளும். சின்னவள் என்றால் பின்வரிசையில் ஆடும் குள்ளப்பெண். அவளுடைய அக்காள் ஆனைக்குட்டம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தாள். கடைசியில் நாங்களும் திரும்பவில்லை. பிரின்சிபால் மட்டும் கடைசிவரை பழகவே இல்லை. ஒவ்வொரு சத்தத்துக்கும் மாடி ஜன்னல் திறக்கும்.

அந்தப் பங்குனியில் வட்டாரத்தின் இறுதி ஆட்டம் சிவகாசியில் ஒரு பள்ளி மைதானத்தில் நடந்தது. எதிரே அதே பாளையங்கோட்டை. மதராஸிலிருந்து பல்கலைக்கழக அணிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் அம்மையார் வந்திருந்தார். வெள்ளைச் சேலை, கறுப்புக் கண்ணாடி, குடை. எங்கள் பக்கம் அவர் பார்க்கப்போவது இந்த ஓர் ஆட்டம்தான் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். மாற்று ஆட்டக்காரிகள் இரண்டு பேருக்கும் ஹாஸ்டலில் அம்மை போட்டிருந்தது. ஆறு பேர்தான் போனோம். ஒருத்தி குறைந்தாலும் ஆட்டம் கிடையாது என்பது விதி.

அன்று அக்கா ஆடியதை எப்படி எழுதுவது? பல வருடம் முயன்று, பல காகிதம் கிழித்திருக்கிறேன். முதுகுக்குப் பின்னால் போகிற பந்தைத் திரும்பாமலே எடுத்தாள். தரைக்குப் பக்கமாக வந்ததை உட்கார்ந்தபடி ஏற்றினாள். எனக்கு அடிக்க மட்டும் தெரியும். எங்கே அடிக்க வேண்டும் என்பதை அவள் பந்தை வைத்த இடம் சொன்னது. ஆளுக்கொரு கேம் வென்று, மூன்றாவது கேம். வெல்ல எங்களுக்கு இன்னும் இரண்டு பாயிண்ட். சின்னவள் சர்வீஸ் போட்டாள். அங்கிருந்து வந்த பந்தை எங்களில் ஒருத்தி தடுத்தாள், பந்து அக்காவை நோக்கி எழும்பியது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

வெடி இல்லை அது. காலுக்குக் கீழே தரை ஒருதரம் மூச்சு விட்டது. எதிரணிக்காரிகள் இரண்டு பேர் காதைப் பொத்திக் குனிந்தார்கள். நாங்கள் திரும்பவில்லை. அக்காவின் பத்து விரலும் மேலே போயின. அந்த லிஃப்ட்! என் ஆயுளில் அப்படியொன்று எனக்கு வந்ததில்லை. பந்து நின்றது. நான் எம்பினேன், அடித்தேன், விழுந்தது. பாயிண்ட்.

கைதட்டினோம். நாங்கள் மட்டும். எங்கள் கைதட்டல் எங்களுக்கே விசித்திரமாகக் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் கூட்டம் முழுக்க முதுகு. சிவகாசி ஜனம் மொத்தமும் எங்களுக்கு முதுகைக் காட்டி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. உள்ளூர்க்காரரான நடுவர்கூட விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் திரும்பி நின்றார். அந்த லிஃப்டைப் பார்த்தவர் ஒரே ஒருவர், மதராஸ் அம்மையார். சத்தத்துக்கு அர்த்தம் தெரியாத ஒருவர்.

“ஏன் நின்னுட்டீங்க? கன்டின்யூ,” என்றார் அவர்.

நடுவர் திடுக்கிட்டு விசில் ஊதினார். இன்னும் ஒரு பாயிண்ட். பந்து சின்னவள் கையில். அவள் போடவில்லை.

அதற்குள் சுற்றுச்சுவர் மேல் ஏறியிருந்த ஒருவர் கத்தினார். “தெக்க இல்ல! கிழக்க! ஆனைக்குட்டம் பக்கந்தான்!”

தெற்கு என்றால் வெம்பக்கோட்டை ரோடு. அக்காவின் அம்மா. அவள் தோள் இறங்கியதை நான் பார்த்தேன், ஒரு மூச்சளவு. உடனே அவள் கண் பின்வரிசைக்குப் போனது. சின்னவள் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். கால் நகரவில்லை.

ஒரே ஒரு சர்வீஸ். அது எங்களுக்கு வாய்த்தால் முடிந்தது. போட்டுவிட்டு ஓடு என்று அக்கா சொல்லப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். நினைத்தேன் என்ன, அதற்காகக் காத்தும் நின்றேன்.

அக்கா நடந்து போய் அந்தப் பந்தை வாங்கினாள். கொண்டுபோய் நடுவர் கையில் வைத்தாள். பிறகு வலைப் பக்கம் திரும்பி அந்த உயரமான கேப்டனிடம், “ஆட்டம் உங்களுக்கு. இவ அக்கா அங்கன வேலை பாக்கா. நாங்க போகணும்,” என்றாள்.

அந்தப் பெண் சரியென்று தலையசைத்தாள். முன்பு வானத்தில் யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டவளும் அப்போது வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரோட்டில் ஒரு பிரஸ் லாரி காலண்டர் லோடு ஏற்றிக்கொண்டு நின்றது. டிரைவர் எங்கள் பைஜாமாவைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், எதுவும் கேட்கவில்லை. ஆறு பேரும் காலண்டர் கட்டுகளின் மேல் ஏறி உட்கார்ந்தோம். மைதானத்தில் குடை பிடித்தபடி அந்த அம்மையார் எழுந்து நின்றிருந்தார். லாரி திரும்பும்வரை அக்கா அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ஆனைக்குட்டம் கம்பெனியில் ஒரு ஷெட்டின் கூரை போயிருந்தது. காபி நேரம் என்பதால் எல்லோரும் வெளியே நின்றிருக்கிறார்கள், உயிருக்குச் சேதமில்லை. சின்னவளின் அக்காள் வேப்பமரத்தடியில், முன்முடி கருகி, செம்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தாள். ஆறு வெள்ளை உருவங்கள் ஓடிவருவதைப் பார்த்துச் செம்பைக் கீழே போட்டாள்.

“ஆத்தீ, என்னடி வேசம் இது? செத்துத்தான் போயிட்டேனோன்னு நெனச்சிட்டேன்.”

தங்கை அவள் மடியில் விழுந்து அழுதாள்.

“சரி சரி, அழாத. ஆட்டம் என்னாச்சு?”

“விட்டுட்டு வந்துட்டோம்.”

“எம்புட்டு பாக்கி இருந்துச்சு?”

“ஒண்ணு.”

“ஒண்ணா? கிறுக்கிகளா! போட்டுட்டு வாறதுக்கென்ன? நானா ஓடிப்போகப் போறேன்?” என்று சிரித்தாள். சிரிப்பு நடுவிலேயே அழுகையாகிவிட்டது.

திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா என் பக்கத்தில். என்னிடம் கேட்டாள். “அந்தக் கடைசி லிஃப்ட் நல்லா வந்துச்சுல்ல?”

“நல்லா வந்துச்சுக்கா.”

“யாரும் பாக்கல.”

“அந்த அம்மா பாத்தாக.”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த வருடம் பல்கலைக்கழக அணியில் அவள் இல்லை. பாளையங்கோட்டைக் கேப்டன் போனாள். அக்கா ரிம்மைக் கழற்றிவிடுவாள் என்று நினைத்தோம். கழற்றவில்லை. கிளையில் இன்னும் ஒரு சாண் மேலே ஏற்றிக் கட்டினாள். துவைக்கிற கல்லில் மூன்றாம் ஆண்டுக் கணக்குகள் ஏறின. வெளுக்கிற அம்மாள் இப்போது கல்லை முதலில் பார்த்துவிட்டு, “இது முடிஞ்சுதா, கழுவலாமா?” என்று கேட்டுத் துவைத்தாள்.

மறுவருடம் ஒரு சாயங்காலம். வாட்ச்மேனின் மனைவி சுவருக்குப் பின்னால், நாங்கள் வலைக்கு இந்தப்பக்கம். ‘டமார்.’ யாரும் திரும்பவில்லை. கேட்டருகே ஒரு குடை மட்டும் கீழே விழுந்தது. அதே அம்மையார். சொல்லாமல் கொள்ளாமல் வந்திருந்தார்.

குடையை எடுத்துக்கொண்டு நேரே அக்காவிடம் வந்தார். “அன்னிக்கு அந்தச் சத்தம் உனக்குக் கேட்டுதா, இல்லையா?”

“கேட்டுச்சு மேடம்.”

“கேட்டுமா அப்படி லிஃப்ட் பண்ணினே?”

“பந்து மேல இருந்துச்சு மேடம்.”

“அப்புறம் ஒரே பாயிண்ட். அதை மட்டும் ஏன் விட்டே?”

அக்கா கையிலிருந்த பந்தைப் பார்த்தாள். பாடம் ஒப்பிப்பதுபோல் இல்லை. கணக்கில் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குப் போவதுபோல் சொன்னாள். “மேல இருக்குற பந்தை விட முடியாது. கையில இருக்குற பந்தைக் கீழ வைக்கலாம்ல.”

அம்மையார் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு வலையைக் காட்டி, “போடு, பாக்கலாம்,” என்றார். இருட்டும்வரை போடச் சொன்னார். அடித்துக் கொடுத்தவள் நான். மறுநாள் என் தோள் கழன்றது. அவளுக்கு விரல்கூட வலிக்கவில்லை.

அதன் பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். அக்கா பல்கலைக்கழக அணியில் ஆடினாள். வடக்கே எங்கெங்கோ போனாள். கம்பளிக் கோட்டுக்குள் கணிதப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ரயிலில் படித்தாள். திரும்பி வந்து பரீட்சை எழுதி முதல் வகுப்பில் தேறினாள். மதராஸில் எம்.எஸ்ஸி. படித்தபோதும் இரண்டு வருடமும் அணியின் லிஃப்டர் அவள்தான். இப்போது ஒரு கல்லூரியில் கணிதப் பேராசிரியை. பாடம் நடத்தும்போது சாக்பீஸ் சத்தமே கேட்காது என்று அவளிடம் படித்த ஒரு பெண் சொன்னாள். நான் சிரித்தேன்.

ஆனால் எனக்கு எல்லாவற்றையும்விட ஜங்ஷன்தான் நினைவில் நிற்கிறது, அவள் முதன்முதலாக வடக்கே கிளம்பிய சாயங்காலம். டீம் கோட்டு அவளுக்கு இரண்டு அளவு பெரிது. ஊரிலிருந்து அம்மா வந்திருந்தாள். வெடிமருந்து படிந்து வெளிறிப்போன கைகளைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் எட்டி நின்றாள்.

“கிட்ட வாம்மா.”

“வேண்டாம்டி. பட்டாசு ஏத்தக் கூடாதுன்னு வண்டியில எழுதிப் போட்டிருக்காகளாம்ல. என்னையப் புடிச்சுட்டா?”

அக்கா இறங்கிவந்து அந்த இரண்டு கையையும் தலைப்பிலிருந்து வெளியே இழுத்துத் தன் கோட்டின்மேல் வைத்துக்கொண்டாள். கோட்டில் வெள்ளித்தூள் ஒட்டியது. தட்டிவிடாமல் ஏறினாள்.

வண்டி நகர்ந்தது. வாசலில் நின்றவள் பையிலிருந்து எங்கள் பழைய பயிற்சிப் பந்தை எடுத்தாள். “ஏ புள்ள!” என்று கூப்பிட்டு, ஓடுகிற வண்டியிலிருந்து ஏற்றினாள். வண்டியின் புகைக்குள் அது மேலே போனது, ஒரு சத்தமுமில்லாமல். வழக்கம்போல் நின்றது. என் கை தன்னால் ஓங்கியது. அடிக்கவில்லை. வந்து இறங்கும்வரை காத்திருந்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.